பாதி வழியில் நின்றுபோன பயிற்சி

தும்மினால் சிறுநீர் கசிகிறது. இருமினாலும், வாய்விட்டுச் சிரித்தாலும், நீர்க்குடத்தைத் தூக்கினாலும் கசிகிறது. பிள்ளை பெற்ற பெண்களில் பலர் இதை அறிவார்கள். வெளியே சொல்பவர்கள் மிகச் சிலர். இந்தத் தொல்லைக்குத் தமிழில் வரும் உடல்நலக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரியில் வழி சொல்லி முடித்துவிடுகின்றன: கெகல் பயிற்சி செய்யுங்கள்; சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகுங்கள்.

படித்த பெண் அதன்படி செய்து பார்க்கிறார். இரண்டு வாரம் ஆகியும் பலன் தெரியவில்லை. பயிற்சியை விட்டுவிடுகிறார். இனி இதற்கு மருந்தும் இல்லை, வழியும் இல்லை என்று எண்ணிக்கொண்டு, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்.

அந்த ஒரு வரியைத்தான் இங்கே ஆராயப் போகிறோம். அது முழுப் பொய்யன்று. முழுப் பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். அது ஒரு நல்ல மருத்துவ முறையிலிருந்து பிய்த்தெடுத்த துண்டு. முறையின் உயிரான பகுதி வழியிலேயே விடுபட்டுவிட்டது. விடுபட்டது எது, அதைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதைப் பார்ப்போம். அதற்கு முன் நம் உடலைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடையின் அடித்தட்டு

நம் இடுப்பெலும்பை அடிப்பாகம் இல்லாத ஒரு கூடையாக எண்ணிக்கொள்ளுங்கள். கூடையின் அடியை மூடி நிற்பது எலும்பன்று, தசை. முன்புறம் பூப்பெலும்பில் தொடங்கிப் பின்புறம் வால் எலும்பு வரை, ஏணையில் கட்டிய சேலைத் துணி போல இத்தசை விரிந்திருக்கிறது. இதற்கு இடுப்புத் தளத் தசை என்று பெயர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்குவது இதுவே. சிறுநீர்க் குழல், பிறப்பு வழி, மலவாய் ஆகிய மூன்று வாயில்களும் இதன் ஊடாகவே வெளியே வருகின்றன.

ஆணின் சிறுநீர்க் குழல் ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுள்ளது. பெண்ணுக்கோ அது ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. குழல் இவ்வளவு குட்டையாக இருப்பதால், அதை மூடி வைக்கக் கீழிருந்து நல்ல தாங்கல் வேண்டும். இளநீர் உறிஞ்சும் மெல்லிய குழல் ஒன்றை ஒரு பலகைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வாய் மூடிக்கொள்ளும். அதையே பஞ்சுத் தலையணைமேல் வைத்து அழுத்தினால், குழல் பஞ்சுக்குள் அமிழ்ந்துவிடும். வாய் சரியாக மூடாது. நாம் இருமும்போது வயிற்றின் அழுத்தம் சிறுநீர்ப்பைமேலும் குழல்மேலும் ஒரே சமயத்தில் விழுகிறது. கீழே தளம் உறுதியாக இருந்தால் குழல் நசுங்கி மூடிக்கொள்ளும். தளம் தளர்ந்திருந்தால் மூடாது, சிறுநீர் கசியும். அமெரிக்க மருத்துவர் ஜான் டிலான்சி 1994-ல் வெளியிட்ட ஆய்வுரையின் சாரம் இதுதான்.

பேறுகாலத்தில் குழந்தையின் தலை வெளிவரும்போது இத்தசை பன்மடங்கு நீள்கிறது. சிலருக்கு அது பழைய உறுதியை மீண்டும் பெறுகிறது, சிலருக்குப் பெறுவதில்லை. மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்கள், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், மிகையான உடல் எடை ஆகியவையும் தளத்தைத் தளர்த்துகின்றன அல்லது அதன்மேல் சுமையைக் கூட்டுகின்றன.

இருமும்போதும் பளு தூக்கும்போதும் வருவதை அழுத்தக் கசிவு எனலாம். இன்னொரு வகையும் உண்டு. சிறுநீர் முட்டுவது போன்ற உணர்வு திடீரென வந்து, கழிப்பிடம் போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிடும். சிறுநீர்ப்பையின் தசை வேளை கெட்ட வேளையில் தானாகச் சுருங்குவதே இதற்குக் காரணம். இதை அவசரக் கசிவு எனலாம். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. நாம் குறிப்பிட்ட அந்த ஒரு வரி, இந்த வேறுபாட்டைக்கூடச் சொல்வதில்லை.

கெகல் செய்தது என்ன?

கருத்தளவில் இப்பயிற்சி கெகலுக்கு முந்தியது. இங்கிலாந்தில் மார்கரெட் மாரிஸ் என்ற நடனக் கலைஞர் பேறுகாலப் பயிற்சிகளைப் பற்றி 1936-ல் எழுதிய நூலிலேயே, இடுப்புத் தளத்தை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி இருந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பணியாற்றிய பெண்நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் தம் ஆய்வுரையை வெளியிட்டார். பயிற்சிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

கெகலின் முறையில் மூன்று கூறுகள் இருந்தன. முதலாவது, அந்தப் பெண் சரியான தசையைத்தான் சுருக்குகிறாரா என்று மருத்துவர் சோதித்து அறிவது. இரண்டாவது, அளப்பது. பிறப்பு வழியில் வைக்கும் சிறு ரப்பர் அறை ஒன்றையும், அதனோடு இணைந்த அழுத்தமானி ஒன்றையும் அவர் அமைத்தார். தசையைச் சுருக்கினால் முள் நகரும். இன்று எவ்வளவு, அடுத்த மாதம் எவ்வளவு என்று அந்தப் பெண்ணே கண்ணால் பார்க்கலாம். மூன்றாவது, பல வாரங்கள் விடாமல் செய்வது. நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் அக்கருவியுடன் பயிற்சி செய்யச் சொன்னார்.

கற்பித்தல், அளத்தல், தொடர்தல் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே கெகல் பயிற்சி. நம்மிடம் வந்து சேர்ந்தது 'இறுக்கித் தளர்த்து' என்ற கட்டளை மட்டுமே. கட்டளை கப்பலேறி வந்துவிட்டது. ஆசிரியரும் அளவுகோலும் கரையிலேயே நின்றுவிட்டனர்.

கெகலையும் குறை சொல்லாமல் விட முடியாது. பயிற்சி செய்யாத பெண்களின் குழு ஒன்றை ஒப்புக்கு வைத்துக்கொண்டு அவர் சோதிக்கவில்லை. தம் நோயாளிகள் குணமடைந்ததைக் கணக்கிட்டுச் சொன்னார், அவ்வளவே. தானாகக் குணமடைந்தவர் எத்தனை பேர், பயிற்சியால் குணமடைந்தவர் எத்தனை பேர் என்று அதிலிருந்து பிரித்தறிய இயலாது. அந்தக் குறையைப் பின்னால் வந்தவர்கள் தீர்த்தார்கள்.

சொன்னால் மட்டும் போதுமா?

1991-ல் அமெரிக்காவில் பம்ப் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய சோதனை செய்தனர். 47 பெண்களுக்கு இப்பயிற்சியை வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னர் ஒவ்வொருவரும் எப்படிச் செய்கிறார் என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் 23 பேர், ஏறத்தாழ பாதி. 12 பேர், அதாவது நால்வரில் ஒருவர், கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் செய்துகொண்டிருந்தார்கள். மேலே தூக்க வேண்டிய தளத்தை அவர்கள் முக்கிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவர் நேரில் சொல்லியே நிலைமை இது. ஒரு வரியைத் தாளில் படித்துச் செய்பவர் நிலை என்னவாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். 'செய்து பார்த்தேன், பயனில்லை' என்று ஒரு பெண் சொன்னால், அவர் எதைச் செய்து பார்த்தார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சிறுநீரை இடையில் நிறுத்திப் பழகும் யோசனையிலும் பிழை இருக்கிறது. சிறுநீர் கழிக்கும்போது, சிறுநீர்ப்பை சுருங்குவதும் தளத்தசை தளர்வதும் ஒன்றுக்கொன்று இசைந்து நடக்கின்றன. அதை நாள்தோறும் குறுக்கிட்டுக் கெடுத்தால், சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் மிச்சம் தங்கக்கூடும். தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகும். எந்தத் தசை என்று கண்டறிவதற்காக ஒரு முறை நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை. அதையே பயிற்சியாகக் கொள்ளக் கூடாது. கண்டறியும் வழியைப் பயிற்சியென்று எழுதியதுதான் குறிப்புகளின் பெரும் பிழை.

எண்கள் சொல்வது

முறையாகக் கற்பித்தால் என்ன நிகழும்? நார்வே நாட்டில் காரி போ என்ற இயன்முறை மருத்துவரும் அவருடைய குழுவினரும் அழுத்தக் கசிவுள்ள 107 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குத் தசைப் பயிற்சி, ஒரு குழுவுக்கு மின்தூண்டல், ஒரு குழுவுக்குப் பிறப்பு வழியில் வைத்துத் தாங்கும் சிறு எடைகள். நான்காவது குழுவுக்குச் சிகிச்சை ஏதும் இல்லை. ஆறு மாத முடிவில் பயிற்சிக் குழுவே மற்ற மூன்றையும் விஞ்சியது. 1999-ல் முடிவு வெளியாயிற்று. விலை கொடுத்து வாங்கும் கருவிகளைவிட, காசில்லாத பயிற்சி மேலானதாக இருந்தது.

பல நாடுகளில் நடந்த இத்தகைய சோதனைகளைக் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2018-ல் தொகுத்துப் பார்த்தனர். அழுத்தக் கசிவுள்ள பெண்களில் பயிற்சி பெற்ற நூறு பேரில் 56 பேர் தங்களுக்குக் குணமாகிவிட்டதாகக் கூறினர். பயிற்சி பெறாத நூறு பேரில் அப்படிக் கூறியவர்கள் ஆறு பேர். அறுவை இல்லை, மாத்திரை இல்லை. இந்த வேறுபாடு சிறியதா?

இந்த 56 என்ற எண்ணையும் நாம் கவனமாகப் படிக்க வேண்டும். இது பெரும்பாலும் பயிற்றுநரிடம் நேரில் கற்றுப் பல வாரம் தொடர்ந்தவர்களின் எண். ஒரு வரியைப் படித்துவிட்டு இரண்டு வாரம் முயன்றவர்களின் எண் அன்று. மேலும், நூறில் 44 பேர் முழுக் குணம் பெற்றதாகச் சொல்லவில்லை. அவர்களில் கசிவு குறைந்தவர்கள் உண்டு. அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர்களும் உண்டு. இப்பயிற்சியைச் சர்வரோக நிவாரணி போல விளம்பரப்படுத்துவதும் தவறே.

வயதானால் பயனில்லை என்ற எண்ணமும் தவறு. 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 68 வயதான 27 பெண்களுக்கு ஒரே ஓர் உத்தி கற்பிக்கப்பட்டது: இருமுவதற்குச் சற்று முன்பாகத் தளத்தசையை இறுக்கிக்கொள்வது. ஒரு வாரப் பழக்கத்திலேயே, நடுத்தர இருமலின்போது வந்த கசிவு 98 சதவீதம் குறைந்தது. பலத்த இருமலில் 73 சதவீதம் குறைந்தது. ஒரு வாரத்தில் தசை பருத்துவிடாது. தசைக்கு வலு கூடவில்லை. வேளையறிந்து அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். குடம் தூக்குமுன், சுமையை இறக்குமுன், நாற்காலியை விட்டு எழுமுன் இதே உத்தியைக் கையாளலாம்.

'அடக்கம்' என்ற சொல்

குறிப்புகளின் மொழியையும் சற்றுப் பார்க்க வேண்டும். இந்நோயைச் 'சிறுநீரை அடக்க முடியாமை' என்று பலர் எழுதுகிறார்கள். தமிழில் அடக்கம் என்பது பெண்ணுக்குச் சொல்லப்படும் நற்பண்பு. 'அடக்க முடியவில்லை' என்று ஒரு பெண் சொல்ல நேர்ந்தால், அது தன் குணத்தில் உள்ள குறை போல அவருக்கே ஒலிக்கிறது. தசை தளர்ந்திருப்பது ஒழுக்கக் குறைவன்று. முழங்கால் தேய்ந்தவரை யாரும் குணக்கேடர் என்பதில்லை. ஆகவே 'சிறுநீர்க் கசிவு' என்று எழுதுவதே நேர்மையானது. கூரை கசிந்தால் எங்கே கசிகிறது என்று பார்த்து அடைக்கிறோம். வீட்டுக்காரரை வெட்கப்படச் சொல்வதில்லை.

இது மிக அரிய நோயும் அன்று. நார்வேயில் ஒரு மாவட்டத்தில் 27,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டபோது நால்வரில் ஒருவர் தமக்குக் கசிவு உண்டு என்றார். ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் இருந்தால் அவர்களுடைய தாய்மாரில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 'அந்தரங்கத் தொல்லை' என்று இதழின் கடைசிப் பக்க மூலையில் ஒதுக்குவது எவ்வளவு பொருத்தமற்றது!

கடலாடியிலிருந்து பார்த்தால்

இனி இந்தக் குறிப்புகளைக் கடலாடிக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள வறண்ட வட்டாரம் அது. சீமைக் கருவேலங்காடு, கரிமூட்டம், முண்டு மிளகாய்த் தோட்டம், சாயல்குடிப் பக்கத்துப் பனை, வாலிநோக்கத்து உப்பளம், கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்புகள் என்று இருக்கிறது அங்குள்ள வாழ்வு. நல்ல தண்ணீருக்குக் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு பெண்கள் நடப்பது அப்பக்கத்தில் பழகிய காட்சி.

15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் நீர் மட்டுமே 15 கிலோ. அதை இடுப்புக்கு ஏற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். வயிற்றின் அழுத்தம் நேராகத் தளத்தின்மேல் இறங்குகிறது. கரிமூட்டத்தில் விறகு அடுக்குவதும், உப்பளத்தில் வாரிச் சுமப்பதும் அப்படியே. 'பளு தூக்காதீர்கள்' என்று குறிப்பு எழுதுபவர் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். அந்தக் குடத்தை வேறு யார் தூக்குவார் என்பதை அவர் சொல்வதில்லை. செய்ய முடியாததைச் சொல்லும் அறிவுரை, சொல்பவரின் மனச்சாட்சிக்கு மட்டுமே பயன்படும். 'தூக்குமுன் தளத்தை இறுக்கு; மூச்சைப் பிடிக்காதே; வெளியே விட்டுக்கொண்டே தூக்கு' என்பது செய்யக்கூடியது.

இதைவிடக் கவலை தருவது தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. கசிவுக்கு அஞ்சியும், வேலை செய்யும் இடத்தில் மறைவிடம் இல்லாததாலும், பல பெண்கள் காலையிலிருந்து தொண்டையை நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிறுநீர் செறிந்து அடர்ந்தால் சிறுநீர்ப்பையின் உட்புறம் எரிச்சலுறும். அவசர உணர்வு குறைவதற்குப் பதில் கூடும். மலம் இறுகும், முக்க நேரும், தளம் மேலும் தளரும். வெயிலில் வேலை செய்பவருக்குச் சிறுநீர்த் தொற்றும் கல்லும் வர ஏது உண்டாகும். தமிழ்நாட்டுப் பெண் தொழிலாளர்களிடையே வெப்பமும் கழிப்பறையின்மையும் சேர்ந்து சிறுநீர்ப் பாதை நலத்தைக் கெடுப்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் எடுத்துக் காட்டினர். கசிவைப் பற்றி எழுதும் குறிப்பு 'தண்ணீரைக் குறைக்காதீர்கள்' என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். பலவற்றில் அது கடைசி வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

வீடு தேடி வரும் மருத்துவமும் விடுபட்ட நோயும்

'கடலாடியில் இயன்முறை மருத்துவருக்கு எங்கே போவது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விடை நம் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மருந்து, படுக்கையில் கிடப்போருக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு, சிறுநீரகம் செயலிழந்தோருக்கு வயிற்றுவழிச் சுத்திகரிப்புப் பைகள் ஆகியவற்றோடு, பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வரும் என்று அறிவித்தார்கள். வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர். வீடு வீடாகச் செல்பவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களே. 2024-ல் ஐக்கிய நாடுகளின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. பாராட்டத் தக்க ஏற்பாடு, ஐயமில்லை.

இருந்தும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். தொடங்கும்போது அறிவித்த அப்பட்டியலில் பெண்களின் சிறுநீர்க் கசிவு இல்லை. இயன்முறை மருத்துவம் என்றாலே பக்கவாதமும் முழங்கால் வலியும் என்ற எண்ணம் நமக்குப் பழகிவிட்டது. அந்த மருத்துவத்தால் மிகத் தெளிவாகப் பயன் பெறக்கூடிய நோய்களுள் ஒன்று இப்படி விடுபட்டு நிற்கிறது. பெண் ஊழியர் வாசலுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார். 'இருமினால் கசிகிறதா?' என்ற ஒரு கேள்வியை அவர் சேர்த்துக் கேட்டால் செலவு ஒன்றும் கூடாது.

ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒருவர் எப்படிப் போதும் என்பது அடுத்த கேள்வி. கனடாவில் 60 வயதைக் கடந்த 362 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. தனித்தனியாகப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கிடைத்த பயன், குழுவாகப் பெற்றவர்களுக்கும் குறையாமல் கிடைத்தது. ஒன்றைக் கவனியுங்கள்: சரியான தசையைச் சுருக்க ஒவ்வொருவருக்கும் முதலில் தனியே கற்பித்தார்கள், அதற்குப் பின்பே குழுவாகச் சேர்த்தார்கள். வங்கதேசத்தின் கிராமப்புறத்தில் 16 ஊர்களில் 60 முதல் 75 வயதுள்ள பெண்களிடையே நடந்த சோதனையின் முடிவு 2019-ல் வெளியாயிற்று. அங்கே வகுப்பு நடத்தியவர்கள் இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி பெற்ற துணைப் பணியாளர்கள். பயிற்சி பெற்ற ஊர்களில் கசிவு கூடுதலாகக் குறைந்தது. கடலாடியின் வெயிலும் வேலையும் அந்தக் கிராமங்களுக்கு அந்நியமல்ல. ஊர்தோறும் மகளிர் சுய உதவிக் குழு கூடும் தமிழ்நாட்டில், குழு சேர்ப்பதா கடினம்?

தடுப்பதற்கும் வாய்ப்பு உண்டு. நார்வேயில் முதல் பிள்ளையைச் சுமந்த 301 பெண்களில் பாதிப் பேருக்குக் கருவுற்ற காலத்திலேயே 12 வாரப் பயிற்சி தரப்பட்டது. பேறு முடிந்த மூன்றாம் மாதத்தில் பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு 20 பேருக்குக் கசிவு இருந்தது. மற்றவர்களில் 32 பேருக்கு இருந்தது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. குழந்தைக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசி போடத் தாய் வருகிறார். குழந்தையின் எடை பார்க்கிறோம்; ஊசி போடுகிறோம். தாயின் தளத்தசையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும், பயிற்சியைச் சரிபார்க்கவும், அந்த மூன்று நாட்களைவிட நல்ல நாள் வேறு கிடைக்காது. இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியருக்கு இதைக் கற்பிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

விளம்பரத்தின் வேகம்

மருத்துவம் மெல்ல நடக்க, விளம்பரம் ஓடி வருகிறது. பெரியவர்களுக்கான உறிஞ்சுப் பஞ்சுப் பட்டைகளைக் கடைகளில் காண்கிறோம். படுக்கையில் இருப்பவர்களுக்கும் வேறு வழியற்றவர்களுக்கும் அவை பெரிய உதவி. ஆனால் கசிவுக்கு முதல் விடையாகவே அவற்றை முன்வைப்பது, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளியை வைத்துவிட்டுப் பழுது நீங்கியது என்று சொல்வதற்கு ஒப்பாகும். நாள்கூலி வாங்கும் பெண்ணுக்கு வாளியின் விலை மாதாமாதம் வரும்; பயிற்சிக்கு ஒருமுறை கற்றுத்தரும் ஆள் போதும்.

நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும்?

குறை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையன்று. ஒரு நல்ல குறிப்பில் இருக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் தசையைக் கண்டறிய வேண்டும். சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு, துணியை உருட்டி அதன்மேல் அமருங்கள். காற்றுப் பிரியாமல் தடுப்பது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும் ஒரே சமயத்தில் எண்ணி, உட்புறமாக மேலே இழுங்கள். துணியிலிருந்து உடல் உள்நோக்கி எழுவது போன்ற உணர்வு வர வேண்டும். துணியை நோக்கித் தள்ளும் உணர்வு வந்தால் அது தவறு. தொடை, பிட்டம், வயிறு ஆகியவை இறுகக் கூடாது. மூச்சு இயல்பாக ஓட வேண்டும்.

அடுத்தது அளவு. இத்தசையில் நெடுநேரம் தாங்கும் நார்களும் உண்டு, சட்டென இயங்கும் நார்களும் உண்டு. ஆகவே சில நொடிகள் இறுக்கி வைத்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். பின்னர் சில முறை விரைவாக இறுக்கித் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை என்பது இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நெறி கூறும் குறைந்த அளவு. முதலில் படுத்துக்கொண்டும், பிறகு உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்யலாம். தளர்த்துவதும் பயிற்சியின் பாதி என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது காலம். குறைந்தது மூன்று மாதம். முதல் சில வாரங்களில் நரம்பு வழிபடக் கற்கிறது. தசை வலுப்பெறுவது அதற்குப் பிறகு. இரண்டு வாரத்தில் கைவிடுபவர், விதை முளைக்குமுன் நிலத்தைக் கிளறிப் பார்ப்பவர். எத்தனை நாளைக்கு ஒரு முறை கசிந்தது என்று நாட்காட்டியில் புள்ளி வைத்து வாருங்கள். கெகலின் அழுத்தமானி இல்லாத வீட்டில் அதுவே அளவுகோல்.

அடுத்தது சரிபார்த்தல். ஒரு முறையேனும் பெண் மருத்துவரிடமோ, இதில் பயிற்சியுள்ள பெண் இயன்முறை மருத்துவரிடமோ காட்டி, செய்வது சரியா என்று அறிந்துகொள்ள வேண்டும். அவர் உங்கள் ஒப்புதலைக் கேட்டபின்பே சோதிப்பார். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. விளக்கிச் சொல்லாமலும் கேட்காமலும் சோதிக்க யாருக்கும் உரிமை இல்லை.

இறுதியாக, பயிற்சியோடு நின்றுவிடக் கூடாத நிலைகள். சிறுநீரில் இரத்தம், எரிச்சலுடன் காய்ச்சல், சிறுநீர் கழிக்கவே சிரமம், அடி இறங்கி வெளியே தட்டுப்படுவது ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். திடீரெனக் கால்கள் பலவீனமடைந்து கசிவும் தொடங்கினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அடிக்கடி சிறுநீர் போவதற்கு நீரிழிவும் காரணமாகலாம். கடினமான பேறுக்குப் பின் இரவும் பகலும் இடைவிடாமல் சிறுநீர் வழிந்தால், அது சிறுநீர்ப்பையில் உண்டான புழைப்புண்ணாக இருக்கலாம். அதற்கு அறுவைச் சிகிச்சை வேண்டும்; எந்தப் பயிற்சியும் அதை மூடாது. இதைச் சொல்லாமல் எல்லாருக்கும் ஒரே பயிற்சியை எழுதிக் கொடுப்பது, நோயறியாமல் மருந்து கொடுப்பதாகும்.

மாணவராகிய நீங்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் பேசத் தயங்கலாம். அம்மாவோ அப்பத்தாவோ காலை முதல் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைக் கவனித்தால், இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். அதுவே போதும். வீட்டுக்கு வரும் சுகாதார ஊழியரிடம் 'இருமினால் கசிகிறது. இதற்குப் பயிற்சி சொல்லித் தருபவர் எப்போது வருவார்?' என்று அவர் ஒரு முறை கேட்கட்டும். பத்து வீடுகளில் பத்துப் பேர் கேட்டால், அடுத்த ஆண்டுப் பட்டியலில் அந்த நோய்க்கும் ஓர் இடம் போட வேண்டிய கட்டாயம் ஏற்படும்.